மான்செஸ்டர் தொட்டில்களும் முதலாளிகளின் கணக்கும்

ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான்? வகைதொகை இல்லாமல் பிள்ளை பெறுகிறான், அதனால்தான் ஏழையாக இருக்கிறான் என்று ஒரு பதில் நெடுங்காலமாக உலவி வருகிறது. மிராசுதார் வீட்டுத் திண்ணையிலும் இதே பதில்தான். மில் மானேஜர் அறையிலும் இதே பதில்தான். கூலி உயர்வு கேட்டுப் போனால், வீட்டில் எத்தனை உருப்படி என்று எதிர்க்கேள்வி வரும். 1976-ல் அவசரநிலைக் காலத்தில் வட இந்தியாவில் கட்டாயக் கருத்தடைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள் யார்? பெரும்பாலும் குடிசைவாசிகளும் கூலிகளும்தான். இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை. பிள்ளை குறைந்துவிட்டது, பழி மட்டும் குறையவில்லை.

இந்தப் பழி நம் ஊர்ச் சரக்கல்ல. துணியோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. விக்டோரியா ராணி காலத்து மான்செஸ்டரில் இது கனவான்களின் அன்றாடப் பேச்சு. ஆகவே, அந்த ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். அது அவர்களுடைய சர்க்கார் எடுத்த கணக்கு. நாம் எழுதியது அல்ல.

இங்கிலாந்தில் முதல் ஜனத்தொகைக் கணக்கு 1801-ல் எடுக்கப்பட்டது. அப்போது மான்செஸ்டரில் சுமார் 75,000 பேர். ஐம்பது வருஷம் கழித்து, 1851-ல், 3 லட்சத்துக்கு மேல். நாலு மடங்கு! இதைக் கண்டு மிரண்ட கனவான்களுக்குக் கைவசம் ஒரு வேதாந்தம் தயாராக இருந்தது. 1798-ல் மால்தஸ் என்ற பாதிரியார் அதை எழுதி வைத்திருந்தார். உணவு மெல்லப் பெருகும், ஜனங்கள் வேகமாகப் பெருகுவார்கள். ஏழைக்கு உதவி செய்தால் அவன் இன்னும் பெருக்குவான். பசியும் நோயும்தான் அவனைக் கட்டுக்குள் வைக்கும் என்பது அதன் சாரம். 1834-ல் கொண்டுவந்த புதிய ஏழைச் சட்டம் இந்த வழியிலேயே நடந்தது. உதவி வேண்டுமா, அனாதை விடுதி போன்ற வேலைக் கொட்டடிக்குள் வா என்றது. உள்ளே போனால் புருஷன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். சேர்ந்திருந்தால்தானே பிள்ளை பிறக்கும்!

சரி, மான்செஸ்டர் நாலு மடங்கானது தொட்டிலால்தானா? கணக்குப் போடலாம். அந்தக் காலத்தில் அவ்வூரில் வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு 30 பேருக்கு மேல் செத்துக் கொண்டிருந்தார்கள். இறப்பை 31 என்றே வைத்துக் கொள்வோம். பிறப்பைத் தாராளமாக 38 என்று வைப்போம். மிச்சம் என்ன? ஆயிரத்துக்கு ஏழு. இந்த வேகத்தில் 75,000 பேர் ஐம்பது வருஷத்தில் எத்தனை ஆவார்கள்? ஒரு லட்சத்து ஆறாயிரம் ஆவதே கஷ்டம். மீதி இரண்டு லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? சாலை வழியாக வந்தார்கள், கப்பல் வழியாக வந்தார்கள். அப்படி வந்தவர்களும், அவர்கள் அங்கே பெற்ற பிள்ளைகளும்தான் அந்த இரண்டு லட்சம்.

வந்தவர்களில் பலர் கிராமத்து விவசாயக் கூலிகள். பொது நிலத்தையெல்லாம் வேலி போட்டு வளைத்துக் கொண்ட நிலப்பிரபுக்கள் அவர்களை வெளியேற்றியிருந்தார்கள். கைத்தறி நெசவாளர்கள் வந்தார்கள். விசைத்தறி அவர்கள் அடுப்பில் மண்ணை அள்ளிப் போட்டிருந்தது. 1845 முதல் உருளைக்கிழங்கு அழுகி அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது, அங்கிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேற, பின்னாலேயே பசித்த ஜனங்களும் கப்பலேறினார்கள். 1851-ல் மான்செஸ்டரில் பத்தில் ஒருவருக்கு மேல் அயர்லாந்தில் பிறந்தவர்.

தாமாக வந்தவர்கள் மட்டுமல்ல, அழைத்து வரப்பட்டவர்களும் உண்டு. இந்தக் கதை நன்றாகக் கவனிக்க வேண்டிய கதை. அதே 1834-ல் லங்காஷயர் பகுதியின் இரண்டு பெரிய பஞ்சாலை முதலாளிகள், ராபர்ட் ஹைட் கிரெக் என்பவரும் எட்மண்ட் ஆஷ்வொர்த் என்பவரும், ஏழைச் சட்ட அதிகாரி சாட்விக்குக்குக் கடிதம் எழுதினார்கள். ஆலைக்கு ஆள் போதவில்லை, தெற்கே கிராமங்களில் உபரியாகக் கிடக்கும் ஜனங்களை இங்கே அனுப்புங்கள் என்று கேட்டார்கள். 1835 முதல் 1837 வரை சர்க்கார் கமிஷனே ஏஜெண்டுகளை வைத்து, கங்காணி வேலை பார்த்து, கூலிக் குடும்பங்களை வடக்கே ஏற்றி அனுப்பியது. எப்படிப்பட்ட குடும்பங்கள் விரும்பப்பட்டன தெரியுமா? பிள்ளைகள் நிறைந்த குடும்பங்கள்! வயல்காட்டில் பாவமாக இருந்தது, ஆலை வாசலில் தகுதியாகிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளையின் விரலுக்கு அறுந்த நூலை முடிச்சுப் போடத் தெரியும் அல்லவா?

இன்னொரு விஷயம். ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு என்று சொல்லும் கணக்கே ஏமாற்றக் கூடியது. ஒரு கிராமத்தை எடுத்துக் கொள்ளுங்கள். வாலிபர்கள் பிழைப்புத் தேடி வெளியேறிவிட்டார்கள், கிழவன் கிழவிகள் மிச்சம். அங்கே தொட்டில் எப்படி ஆடும்? பக்கத்தில் ஒரு மில் காலனி. அங்கே இருப்பதெல்லாம் இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்காரர்கள், புதிதாகக் கலியாணம் ஆனவர்கள். அங்கே வீட்டுக்கு ஒரு தொட்டில் இருக்கத்தான் செய்யும். மில்காரப் பெண் கிராமத்துப் பெண்ணைவிட அதிகம் பெறுகிறாள் என்று இதற்கு அர்த்தமில்லை. மான்செஸ்டரின் பிறப்பு விகிதத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்த பிரமுகர்கள், அந்த ஊருக்கு வாலிபர்களை இழுத்து வந்து குவித்தது தாங்கள்தான் என்பதை மறந்து போனார்கள்.

இறப்புக் கணக்குக்கு வருவோம். 1842-ல் மேற்படி சாட்விக்கே ஓர் அறிக்கை வெளியிட்டார். மான்செஸ்டரில் செத்தவர்களின் சராசரி வயது, கனவான் குடும்பங்களில் 38. வியாபாரிகள் வகையில் 20. தொழிலாளிகள் குடும்பத்தில் 17. ரட்லண்டு என்ற கிராமப்புற ஜில்லாவிலோ கனவானுக்கு 52, கூலிக்கு 38. அதாவது, மான்செஸ்டரில் வண்டியில் போகிறவனுக்கும் ரட்லண்டில் ஏர் ஓட்டுகிறவனுக்கும் ஒரே ஆயுள்!

இந்தப் பதினேழு என்ற எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. தொழிலாளி பதினேழு வயதில் பொத்தென்று விழுந்து செத்தான் என்று இதற்குப் பொருள் இல்லை. வாலிபர்களும் பிள்ளைகளும் நிறைந்த ஊரில் சராசரி கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். இதை அப்போதே சிலர் எடுத்துக் காட்டினார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது பயங்கரம்தான். 1842 முடிவில் தகப்பனாரின் நூற்பாலை அலுவலாக மான்செஸ்டருக்கு வந்த வாலிபர் எங்கெல்ஸ், ஆலைக் கமிஷன் அறிக்கையிலிருந்து எடுத்துக் கொடுத்த புள்ளி இது: அவ்வூரில் தொழிலாளர் குழந்தைகளில் நூற்றுக்கு 57-க்கு மேல் ஐந்து வயது காணவில்லை. மேல்தட்டுக் குழந்தைகளில் செத்தது 20.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். முதுகோடு முதுகு ஒட்டிய வீட்டு வரிசைகள், பின்பக்கம் ஜன்னல் கிடையாது. அதுவும் கிடைக்காதவர்களுக்கு நிலவறை. தரைக்குக் கீழே ஈரத்தில் குடித்தனம். முற்றத்துக்கு ஒரு கக்கூஸ், அதைச் சுற்றி எத்தனையோ வீடு. பிரசவித்த தாய் சில வாரங்களில் தறிக்குத் திரும்பினாள். 1844-ம் வருஷச் சட்டம் பெண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வரம்பு கட்டும்வரை அவள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்பதற்கு வரம்பே கிடையாது; பத்து மணி நேரச் சட்டம் 1847-ல்தான் வந்தது. மார்பில் பால் கட்டிக் கொண்டு தாய் ஆலையில் நிற்க, வீட்டில் குழந்தையை ஒரு கிழவி பார்த்துக் கொண்டாள். அழாமலிருக்க அபின் கலந்த பாகு ஊட்டுவார்கள். காட்ஃப்ரே மருந்து என்று கடையிலேயே விற்றது. தூங்கிய குழந்தைகளில் சில எழுந்திருக்கவில்லை.

இப்படிச் சாகும் ஊரில் பெண்கள் அதிகம் பெறாமல் என்ன செய்வார்கள்? எத்தனை நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? நின்றதும் சம்பாதிக்க வேண்டும். 1833-ம் வருஷச் சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழே பஞ்சாலையில் வைக்காதே என்றது. 1844-ல் அதையும் எட்டாகக் குறைத்து, அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி என்றது. தகப்பன் கூலி குடும்பத்துக்குப் போதாது என்று தெரிந்தே கூலியை நிர்ணயித்தார்கள். பிள்ளைக் கூலி சேர்ந்தால்தான் அடுப்பு எரியும். கூலி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் குடும்பம் பெரிதாகிறது என்று மார்க்ஸ் 1867-ல் எழுதினார். மால்தஸ் சொன்னதை அப்படியே தலைகீழாக நிறுத்திய வாக்கியம் அது. குடும்பம் பெருத்ததால் கூலி தாழவில்லை.

உபரி ஜனத்தொகை என்ற பேச்சின் வேஷம் 1863-ல் முழுக்கக் கலைந்தது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு பருத்தி வரத்து நின்றது. கிட்டங்கிகளில் துணி முன்பே தேங்கிக் கிடந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1862 கடைசியில் லங்காஷயர் வட்டாரத்தில் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் நிவாரணத்தில் உயிர் வாழ்ந்தார்கள். கஞ்சித் தொட்டிகளின் முன்னால், நேற்றுவரை நல்ல சம்பளம் வாங்கிய நூற்பாளிகள் வரிசையில் நின்றார்கள். சரி, நாங்கள் அதிகம் என்றுதானே அறுபது வருஷமாகச் சொன்னீர்கள், கப்பல் கூலி கொடுங்கள், ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போய்விடுகிறோம் என்று தொழிலாளிகள் கேட்டார்கள். மால்தஸின் சிஷ்யர்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா?

குய்யோ முறையோ என்று கூச்சல் போட்டார்கள்! மான்செஸ்டர் வர்த்தக சபையின் முன்னாள் தலைவர் எட்மண்ட் பாட்டர் 1863 மார்ச்சில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கைதேர்ந்த தொழிலாளிகளை வெளியே விட்டால் ஆலையும் யந்திரமும் மதிப்பிழந்து போகும்; அவர்களை அனுப்பப் பணம் கொடுக்காதீர்கள்; ஏதாவது வேலை கொடுத்து இங்கேயே வைத்திருக்கச் சர்க்கார் கடன் கொடுக்கட்டும் என்பது அவர் வாதம். தொழிலாளியை யந்திரத்தின் ஓர் உறுப்பாகவே அவர் கணக்கிட்டார். பார்லிமென்ட் கப்பல் கூலிக்கு ஒரு காசு ஒதுக்கவில்லை. அவ்வருஷமே பொது வேலைச் சட்டம் ஒன்று செய்து, சாக்கடை வெட்டவும் சாலை போடவும் கடன் கொடுத்தது. நூல் பிடித்த விரல்கள் கல் உடைத்தன. பருத்தி திரும்பி வரும்வரை 'உபரி'யைக் கையிருப்பில் வைத்துக் கொண்டார்கள். கதவு திறந்திருக்கும்போது வாசலில் பதிலிகள் காத்து நிற்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பவன் வாயைத் திறக்க மாட்டான். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ மில் வாசலில் விடியற்காலை நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மால்தஸ் பாதிரியாருக்கும் நமக்கும் நேரான ஒரு சம்பந்தமும் உண்டு. 1805 முதல் 1834-ல் சாகும்வரை அவர் வாங்கிய சம்பளம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளம். நம்மை ஆள வந்த உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவித்த கல்லூரியில் அவர்தான் பொருளாதார ஆசிரியர். பாடம் வீண் போகவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றபோது, வைசிராய் லிட்டன் பிரபு ஜனப்பெருக்கத்தின் மேல் பழியைப் போட்டார். ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலையில் மண் சுமந்த கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று அளவைக் குறைத்தார். இது உயிர் காக்கும் அளவல்ல என்று சென்னையின் சுகாதார கமிஷனர் கார்னிஷ் என்ற வெள்ளைக்கார டாக்டரே எதிர்த்து எழுதினார். துறைமுகத்தில் தானியம் ஏறிக் கொண்டுதான் இருந்தது.

அந்த 1877-ம் வருஷத்திலேயே லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப் போடும் முறைகளைச் சொல்லும், அமெரிக்க டாக்டர் ஒருவர் எழுதிய சிறு பிரசுரத்தை மலிவு விலையில் அச்சிட்டு விற்றதற்காக, சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசண்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். பிற்காலத்தில் அடையாற்றில் வந்து தங்கி, 1917-ல் காங்கிரஸ் தலைவரான அதே பெசண்ட் அம்மையார்தான். ஆறு மாத ஜெயில் என்று தீர்ப்பாகி, சட்ட நுணுக்கம் ஒன்றால் மேல் கோர்ட்டில் தப்பினார்கள். அம்மையாரிடமிருந்து அவர் மகளைக் கோர்ட் பிரித்து எடுத்துக் கொண்டது. வழக்கு நடந்த சில மாதங்களுக்குள் அந்தப் பிரசுரம் லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. ஜனங்களுக்கு அந்த அறிவு எவ்வளவு தேவைப்பட்டது பாருங்கள்.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. எத்தனை பெறுவது, எப்போது பெறுவது என்பதைத் தன் உடம்பைச் சுமக்கும் பெண் தீர்மானிக்க வேண்டும்; அதற்கான அறிவு அவளுக்குக் கிடைக்க வேண்டும். இது அவள் உரிமை. ஆனால் வழக்கை ஒட்டி அதே 1877-ல் கிளம்பிய மால்தஸ் சங்கத்தார், பிள்ளையைக் குறை, வறுமை தீரும் என்று கூலி உயர்வுக்குப் பதிலாக அதை நீட்டினார்கள். அதை அன்றைய சோஷலிஸ்டுகள் எதிர்த்தது நியாயமே. எதிர்த்த வேகத்தில் சிலர் பெண்ணின் உரிமையையும் சேர்த்தே தள்ளிவிட்டார்கள், அது நியாயமல்ல.

பிறகு நடந்தது என்ன? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1876-ல் ஆயிரத்துக்கு 36-க்கு மேல் இருந்த பிறப்பு, 1901-ல் 29-க்குக் கீழே வந்தது. 1911-ல் சுமார் 24. பிரசுரம் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. 1874-ல் ஆலையில் சேரும் வயது பத்தானது, 1891-ல் பதினொன்று, 1899-ல் பன்னிரண்டு. 1880-ல் பள்ளிக்கூடம் கட்டாயமானது. சம்பாதிக்கும் பிள்ளை செலவு வைக்கும் பிள்ளையாக மாறியது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகள் சாவது 1860-களுக்குப் பின் குறையத் தொடங்கிற்று. கைக்குழந்தைச் சாவு மட்டும் நூற்றாண்டு முடியும்வரை ஆயிரத்துக்கு 150 என்ற அளவிலேயே நின்றது.

1911-ம் வருஷக் கணக்கெடுப்பில் எத்தனை வருஷ மண வாழ்க்கை, எத்தனை பிள்ளை என்று வீடு வீடாகக் கேட்டார்கள். டாக்டர், குமாஸ்தா வீடுகளில் பிள்ளை குறைவு, அதில் அதிசயமில்லை. உடல் உழைப்பாளிகளுக்குள் ஜவுளித் தொழிலாளிகள் வீட்டில் பிள்ளை குறைவு. சுரங்கத் தொழிலாளிகள் வீட்டில் மிக அதிகம். இதுதான் யோசிக்க வேண்டிய இடம். சுரங்கக்காரன் கூலி நெசவாளியின் கூலிக்குக் குறைந்ததல்ல. பின் ஏன்? சுரங்க ஊரில் பெண்ணுக்கு வேலையே கிடையாது. 1842-லிருந்து அவள் சுரங்கத்துக்குள் இறங்கவும் சட்டம் தடுத்தது. பிளாக்பர்ன், பர்ன்லி, பிரஸ்டன் போன்ற நெசவு ஊர்களிலோ மணமான பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலைக்குப் போனார்கள். நெசவாளர் சங்கம் போராடி 1892-ல் பெற்ற பொதுக் கூலிப் பட்டியலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பீஸ் ரேட். தன் கையில் தன் கூலி உள்ள பெண்ணின் பேச்சு வீட்டில் எடுபட்டது. தறிக்குத் தறி, வாய்க்கு வாய், தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொன்னாள்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று எண்ண வேண்டாம். நல்ல மருத்துவ யோசனை ஏழைப் பெண்ணுக்கு எட்டவில்லை. 1890-களிலிருந்து ஷெஃபீல்ட் முதலிய ஊர்களில் பெண்கள் புண்ணுக்குப் போடும் ஈயக் களிம்பை உருண்டையாக உருட்டி விழுங்கிக் கருவைக் கலைத்தார்கள். சிலருக்குக் கண் போயிற்று. சிலருக்கு உயிரே போயிற்று.

பிறப்பு குறைந்ததும் மேல்தட்டார் சந்தோஷப்பட்டார்களா என்றால், அதுவும் இல்லை. 1899-ல் தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியது. மான்செஸ்டரில் பட்டாளத்துக்கு வந்த வாலிபர்களில் சுமார் 8,000 பேரை, அதாவது வந்தவர்களில் பெரும்பாலோரை, உடல் லாயக்கில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. உடனே அதே பத்திரிகைகளும் அதே பிரசங்கிகளும் சுருதியை மாற்றினார்கள். ஐயோ, இனம் நசிக்கிறது, பிறப்பு குறைகிறது, நாளைக்குச் சாம்ராஜ்யத்தைக் காக்க ஆள் எங்கே என்று புலம்பினார்கள். 1904-ல் விசாரணைக் கமிட்டி அறிக்கை கொடுத்தது. 1906-ல் பள்ளிக்கூடத்தில் பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போட நகரசபைகளுக்கு அதிகாரம் கொடுத்துச் சட்டம் வந்தது. அரை நாள் ஆலைக்குப் போன பிள்ளைகள் முழு நாளும் பள்ளியில் உட்கார இன்னும் பதினைந்து வருஷம் பிடித்தது.